பார்த்தால் பண்ணை வீடு, உள்ளே பப்: பிரெட்ஃபோர்ட்டன் ஃபிளீஸ் இன் கட்டடம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

ஈவ்ஷாம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வுஸ்டர்ஷயர், ஈவ்ஷாம் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிறு என்னோடு வார்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பக்கத்தில் பிரெட்ஃபோர்ட்டன் என்ற கிராமத்துக்குச் சாப்பிட அழைத்துப்போனார். போன இடம் ஃபிளீஸ் இன். பப் என்றதும் எனக்குத் தயக்கம், குடிப்பழக்கம் இல்லை. "பாதிப் பேர் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான் வருவார்கள், குழந்தைகளே வருவார்கள், நீ வா" என்றார்.

உள்ளே நுழைந்ததும், கூப்பிடாமலே யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குள் வந்துவிட்டது போல இருந்தது. தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் கருத்த உத்தரங்கள். தரையெல்லாம் பட்டியக்கல், மிதிபட்டுத் தேய்ந்து பளபளப்பாக. ஒரு அறையில் சுவர் முழுக்க அலமாரி, அதில் வெள்ளீயத் தட்டுகள் வரிசையாக. கணப்புக்கு முன்னால் கல் தரையில் வெள்ளையாக வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். கோலமா என்று கேட்டேன். சூனியக்காரி புகைபோக்கி வழியாக இறங்கி வீட்டுக்குள் வராமல் இருக்க என்றார் அக்கா.

என் கேள்வி இதுதான். பப் என்றால் நீளமாக ஒரு கவுன்டர், ஒரே கூடம் என்றுதான் நினைத்திருந்தேன். இது ஏன் இப்படிச் சின்னச் சின்ன அறைகளாக வீடு மாதிரியே இருக்கிறது? இந்தச் சுவரும் கூரையும் எப்படிக் கட்டியது? தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த முறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வருவேன்.

குளிர்நாடன் எழுதியது:

வீடு மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது வீடேதான். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ட் என்ற வசதியான விவசாயி கட்டிக்கொண்ட பண்ணை வீடு. நானூறு வருடத்துக்கு மேல் அங்கே குடும்பம் வாழ்ந்தது, விவசாயம் பார்த்தது. 1848-இல்தான் அது பப் ஆனது. பப் ஆன பிறகும் கை மாறவில்லை. அதே வம்சத்தில் வந்த லோலா டாப்ளின் என்ற அம்மையார் கடைசிவரை நடத்தினார். 1977-இல் அவர் இறந்தபோது கட்டடத்தை உள்ளே இருந்த சாமான்களோடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். அந்த வெள்ளீயத் தட்டுகள் இன்னும் அதே அலமாரியில் இருப்பதற்குக் காரணம் அந்த உயில்தான். அங்கே பாக்கெட் சிப்ஸ் விற்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாகவும் ஊரில் சொல்வார்கள்.

இப்போது அறைகளின் பெயரை நினைத்துப் பாருங்கள். ஒன்று புரூஹவுஸ், அதாவது வீட்டுக்கு வேண்டிய பீரைக் காய்ச்சும் அறையின் பெயர். தட்டு அலமாரி இருப்பது பியூட்டர் ரூம், வெள்ளீய அறை. இன்னொன்று டக்அவுட். பப்புக்காக வரைபடம் போட்டிருந்தால் இந்த அமைப்பு வந்திருக்காது. குடும்பம் புழங்கிய அறைகளில் அப்படியே விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டார்கள்.

1848 என்ற வருடத்துக்கும் ஒரு பின்னணி உண்டு. 1830-இல் பீர் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி ஊரில் வரி கட்டும் எவரும் 2 கினி (அந்தக் காலப் பணம்) கட்டி உரிமம் வாங்கினால் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். ஜின் என்ற கடுமையான சாராயத்தைக் குடித்து ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள், பீர் மலிவாகக் கிடைத்தால் அதைக் குடிப்பார்கள் என்பது ஒரு கணக்கு. நாடு முழுக்க வீட்டு முன்னறைகள் திடீரென்று பீர்க்கடை ஆயின. நாம் இன்று கிராமத்து பப் என்று ரசிக்கும் எத்தனையோ கட்டடங்களின் பூர்வீகம் ஒரு குடியானவன் வீடு, இல்லாவிட்டால் கொல்லன் பட்டறை.

தாமரை_லெஸ்டர் எழுதியது:

ஃபிளீஸை லாங்ஹவுஸ் என்று எங்கோ படித்தேன். மாடும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழே என்கிறார்களே, நிஜமாகவா? அடுப்பு எங்கே இருந்தது, மாடு எங்கே நின்றது?

குளிர்நாடன் எழுதியது:

நிஜம்தான் தாமரை. நீளமாக ஒரே கட்டடம். நடுவில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நேராக ஒரு நடை. நடைக்கு ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடு. மாட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்வாக வைப்பார்கள், கோமியம் அந்தப் பக்கமாக வடிந்துவிட வேண்டும் அல்லவா. குளிர்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடும் வீட்டுக்கு உதவும்.

பொதுவாக இந்த வகை வீடுகளில் முதலில் புகைபோக்கியே கிடையாது. தரை நடுவில் நெருப்பு எரியும், புகை மேலே போய்க் கூரை வழியாகக் கசியும். மாடி கிடையாது, அண்ணாந்தால் கூரையின் அடிப்பக்கம் தெரியும். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் செங்கல்லிலோ கல்லிலோ புகைபோக்கி கட்டத் தொடங்கினார்கள். புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதால் மேலே ஒரு தளம் போட முடிந்தது. நீங்கள் தலையில் இடித்துக்கொள்ளும் அந்த உத்தரங்கள் பல வீடுகளில் அப்படிப் பின்னால் செருகியவை. உயரம் குறைவாக இருப்பதற்கு மனிதர்கள் குள்ளமாக இருந்தார்கள் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே கூடத்தை இரண்டு மாடியாகப் பங்கு போட்டால் தாழ்வாகத்தான் வரும்.

தச்சன்மகன் எழுதியது:

மரவேலை பற்றி நான் சொல்கிறேன். அப்பா தச்சர், நானும் பத்து வருடம் உளி பிடித்தவன். இங்கே வந்த புதிதில் மரச்சட்ட வீடு ஒன்றைப் பிரித்துப் பூட்டும் பட்டறையில் உதவியாளாக இருந்தேன். அங்கே கற்றதுதான்.

முதல் விஷயம், இந்த வீட்டில் சுவர் பாரம் தாங்குவதில்லை. மரச்சட்டம் தாங்குகிறது. அடியில் கல் வரிசை, அதன்மேல் படுத்திருக்கும் அடிச்சட்டம், அதில் நிற்கும் தூண்கள், தூண் தலையில் ஓடும் மேல்சட்டம், எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் விட்டம், மூலைக்கு மூலை வளைந்த தாங்குகட்டை. ஒரு பெட்டி மாதிரி. இதைப் பெட்டிச் சட்டம் என்பார்கள். இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு, குரக். வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்ப்பார்கள். தரையிலிருந்து முகடு வரை ஒரே மரம். பிளந்த பாதிகள் என்பதால் இரண்டு வளைவும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது, ஓக்கைப் பச்சையாகத்தான் இழைப்பார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி நிற்காது. வெட்டிய ஈரத்தோடு செதுக்கி, முனையில் நாக்கு வெட்டி, துளையில் செருகி நிறுத்திவிடுவார்கள். மரம் நின்ற இடத்திலேயே வருடக்கணக்கில் காயும். காயும்போது முறுகும், வளையும். பழைய பப்பில் கதவுநிலை கோணலாக இருப்பதும் உத்தரம் திருகிக்கொண்டு நிற்பதும் அதனால்தான். கட்டத் தெரியாமல் கட்டியது என்று யாரும் நினைக்க வேண்டாம். மரம் முறுகும் என்று தெரிந்துதான் கட்டினார்கள்.

மூட்டுக்கு ஆணி கிடையாது, ஓக் முளைதான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிக்கட்டையில் போட்ட துளையும் உள்ளே செருகும் நாக்கில் போட்ட துளையும் நேராக இருக்காது. வேண்டுமென்றே ஒரு நெல் பருமன் தள்ளிப் போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைந்து இரண்டு கட்டையையும் ஒன்றோடொன்று இறுக்கி இழுக்கும். முதல் தடவை நான் அடித்தபோது மூட்டு 'கிறீச்' என்று மூடிக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மரம் காயக் காய அந்த இறுக்கம் கூடும்.

அக்கா அடுத்த முறை போகும்போது தூணும் விட்டமும் சேரும் இடத்தில் பாருங்கள், முளையின் தலை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் கீறல்கள் இருந்தாலும் இருக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று கோடு. நான்குக்கு நான்கு கோடு, ஐந்துக்கு ஒரு வி. சட்டங்களைப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து திரும்பப் பூட்டுவார்கள். எந்தக் கட்டை எங்கே என்பதற்குத் தச்சர் போட்ட அடையாளம் அது. கையெழுத்து போடத் தெரியாத மனிதராகவும் இருந்திருக்கலாம், ஆனால் அவர் கை அங்கே இருக்கிறது.

வயது கண்டுபிடிப்பதும் மரத்தை வைத்துத்தான். மெல்லிய துளையிட்டு வளையங்களை எண்ணி ஒப்பிடுவார்கள். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் மிஞ்சியிருந்தால் மரம் எந்த வருடம் வெட்டியது என்று சொல்லிவிடலாம். பச்சையாகவே கட்டியதால் வெட்டிய வருடமும் வீடு எழுந்த வருடமும் கிட்டத்தட்ட ஒன்று.

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

தம்பி சட்டத்தைச் சொல்லிவிட்டார். சட்டத்துக்கு நடுவில் இருக்கும் சுவரை நான் சொல்கிறேன்.

தூணுக்குத் தூண் நடுவில் ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, அதில் ஹேசல் மரத்தின் வளார்களைக் கூடை முடைவது போல முடைவார்கள். அந்தத் தட்டியின் மேல் களிமண், சாணம், வெட்டிய வைக்கோல் மூன்றும் மிதித்துக் குழைத்த சேறு. இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று ஒரே நேரத்தில் அறைய வேண்டும், அப்போதுதான் நடுவில் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. மண்சுவர் வீட்டில் வளர்ந்த நம்மில் யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முக்கியமானது இது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். மழை ஊரில் மரவீடு அறுநூறு வருடம் நிற்பது இதனால். சிமென்ட் அப்படியில்லை. மரம் காலநிலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும்போது சிமென்ட் அசையாது, ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். மழை உள்ளே போகும். வெளியே வர வழியில்லை.

நானே பார்த்தது. சில வருடம் முன்பு ஒரு பழைய மரச்சட்டப் பப்பில் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அதற்கு முன் வந்த ஒப்பந்ததாரர் ஒருவர் சுவர் முழுவதும் சிமென்ட் பூசி, வெளியே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு மூலையில் பூச்சைத் தட்டி எடுத்தேன். உள்ளே இருந்த அடிச்சட்டம் கையோடு வந்தது. ஓக் இல்லை அது, ஈரமான மூக்குப்பொடி. விரலால் தோண்டினால் முழங்கை வரை போனது. அத்தனை காலம் நின்ற கட்டை ஒரு தலைமுறையில் போய்விட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஈவ்ஷாம்வாசி எழுதியது:

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தச்சன்மகன் தம்பிக்கும் நன்றி, எண் கீறலைக் கண்டிப்பாகத் தேடுவேன்.

இன்னொரு சந்தேகம். கறுப்புச் சட்டம், நடுவில் வெள்ளைச் சுவர். இதுதான் பழங்கால இங்கிலாந்து என்று காலண்டரில் எல்லாம் போடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே அப்படித்தான் அடித்தார்களா?

தச்சன்மகன் எழுதியது:

பெரும்பாலும் இல்லை அக்கா. ஓக்கை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், அதுதான் அதன் சொந்த நிறம். பல இடங்களில் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பையே அடித்துவிடுவார்கள். சஃபோக் பக்கம் போனால் சட்டத்தை முழுக்கப் பூச்சால் மூடி, ஈரப் பூச்சிலேயே பூவும் கொடியும் வடித்திருப்பார்கள். மரத்தைத் தார் மாதிரி கறுப்பாக்கி வெள்ளையோடு எடுப்பாகக் காட்டும் மோகம் பெரிதாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்.

குளிர்நாடன் எழுதியது:

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. மேற்கு மிட்லண்ட்ஸ், செஷயர் பக்கத்தில் சட்டத்தைக் காட்டிக் கட்டும் பழக்கம் முன்பே இருந்தது. வைரம், நட்சத்திரம் என்று சட்டத்தையே அலங்காரமாக வெட்டியிருக்கிறார்கள். காட்டுவதற்கு இல்லாவிட்டால் அவ்வளவு செலவு செய்திருக்க மாட்டார்கள். நெருக்கமாகத் தூண் நட்டுக் கட்டுவதும் அப்படித்தான், பாரம் தாங்க அத்தனை தூண் தேவையே இல்லை. எனக்கு மரம் வாங்க வசதி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது. நிறம் மட்டும் பிற்காலத்தது என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

தச்சன்மகன் எழுதியது:

சரி, அது நியாயம். நான் சொன்னது கறுப்பு நிறத்தைப் பற்றி மட்டும்தான்.

யாழ்_பிரிஸ்டல் எழுதியது:

எல்லாரும் வீடு பப்பாக மாறியதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். தொடக்கத்திலேயே சத்திரமாகக் கட்டின ஒன்றையும் பார்க்கத்தானே வேணும். பாத் நகரத்துக்குத் தெற்கே நார்ட்டன் செயின்ட் பிலிப் என்று ஒரு கிராமம். அங்கே ஜார்ஜ் இன். போன கிழமையும் போய் வந்தேன்.

ஹின்ட்டன் சார்ட்டர்ஹவுஸ் என்ற மடத்துத் துறவிகள் 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பினது. அந்த ஊரிலே பெரிய கம்பளிச் சந்தை கூடும், வியாபாரிகள் வந்து தங்கவும் சரக்கு வைக்கவும் இடம் வேணும். முகப்பைப் பார்த்தால் இரண்டு காலம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கீழ்த்தளம் முழுக்கக் கல். மேலே இரண்டு தளம் மரச்சட்டம், அது 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. மேல்தளங்கள் கீழ்த்தளத்தைவிட வீதிப் பக்கம் தள்ளி நீட்டிக்கொண்டு இருக்கும். நடுவிலே வளைவான பெரிய வாசல், அதைத் தாண்டினால் பின்முற்றம்.

ஃபிளீஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் வாசலிலேயே தெரிந்துவிடும். அங்கே நீங்கள் வீட்டுக்குள்ளே போகிறீர்கள். இங்கே சரக்கோடு வருகிறவனை வரவேற்கிற வாசல். 1685 ஜூனில் மன்மத் பிரபு அரசனுக்கு எதிராகக் கிளம்பினபோது இந்த ஊரிலே சண்டை நடந்தது, ஜார்ஜில்தான் அவர் தங்கியிருந்தார். அதையெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கினம். எனக்கு அதைவிட மனசில் நிற்கிறது அந்தக் கல்லும் மரமும் சேருகிற கோடுதான். மதியத்துக்குப் பிறகு வீதியின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கோ, மேல்தளத்தின் நிழல் கல்லிலே பட்டையாக விழும்.

தாமரை_லெஸ்டர் எழுதியது:

யாழ் அண்ணா, படம் இருந்தால் போடுங்கள். குளிர்நாடன் அண்ணா, ஈவ்ஷாம்வாசி கேட்ட கவுன்டர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே.

குளிர்நாடன் எழுதியது:

வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பப் என்றால் கவுன்டர் என்பது புதுப் பழக்கம். பழைய ஊர் பப்பில் பீப்பாய் ஒரு குளிர்ந்த அறையில் கிடக்கும், பெரும்பாலும் வடக்குப் பார்த்த அறை. வீட்டுக்காரம்மா கூஜாவை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துவந்து ஊற்றுவார். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பீர்கள். பீப்பாயில் குழாய் செருகிய அறை என்பதால் டேப்ரூம் என்ற பெயர். முதுகுக்கு உயரமாகப் பலகை வைத்த நீள பெஞ்சை செட்டில் என்பார்கள். அந்த உயரம் அழகுக்கு இல்லை, கதவிடுக்கில் வரும் காற்று முதுகில் அடிக்காமல் இருக்க. இரண்டு செட்டிலைக் கணப்பைச் சுற்றி எதிரெதிரே போட்டால் அறைக்குள் இன்னொரு சின்ன அறை.

1797-இல் ஜோசப் பிராமா பீர் பம்புக்குக் காப்புரிமை வாங்கினார். கைப்பிடியை இழுத்தால் நிலவறையிலிருந்து பீர் மேலே ஏறும். பம்பு ஓரிடத்தில் பொருத்தியாக வேண்டும். அப்போது ஊற்றுகிறவர் ஓரிடத்தில் நிற்பார், வாங்குகிறவர் அவரிடம் போவார். அந்த இடத்தில் ஒரு பலகை வந்தது, பலகை நீண்டு கவுன்டர் ஆனது. கூட்டம் அதிகமான நகரங்களில் இது வேகமாகப் பரவியது. கிராமத்தில் பத்துப் பேருக்கு ஊற்ற அது எதற்கு? அதனால் பல ஊர்களில் வரவே இல்லை.

இன்றைக்கும் அப்படிச் சில இருக்கின்றன. சஃபோக்கில் லாக்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் கிங்ஸ் ஹெட், ஊர்க்காரர்கள் லோ ஹவுஸ் என்பார்கள். கவுன்டரே கிடையாது. உயரமான செட்டில்கள், பின்னால் பீப்பாய் அறை. பெர்க்‌ஷயரில் ஆல்ட்வொர்த் ஊரில் பெல் இன், சின்ன ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும், 250 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பம். டார்செட்டில் வொர்த் மட்ராவர்ஸில் ஸ்கொயர் அண்ட் காம்பஸ், அங்கேயும் ஜன்னல்தான், 1907-லிருந்து ஒரே குடும்பம்.

கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் வெளிச்சுவரையும் கூரையையும் மட்டும் நினைக்கிறார்கள். 1960, 70-களில் எத்தனையோ பப்புகளில் உள்சுவரையெல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பப் போய்விட்டது. ஒரு அறையில் கிழவர்கள் டோமினோ, ஒரு அறையில் குடும்பம், ஸ்னக் என்ற மூலை அறையில் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் என்று ஒரு ஊரே ஒரு கூரைக்குள் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அந்த உள்சுவர்கள். ஃபிளீஸ் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

தாமரை_லெஸ்டர் எழுதியது:

எனக்கு ஒரு நெருடல். 2004 பிப்ரவரியில் ஃபிளீஸ் எரிந்துபோனது, கூரையே போய்விட்டது என்று படித்தேன். அப்படியானால் இன்று நாம் பார்ப்பது எத்தனை வயதுக் கட்டடம்? 15-ஆம் நூற்றாண்டு என்று சொல்வது சரியா? புதிதாகக் கட்டியதைப் பழையது என்று காட்டுகிறார்களோ என்று தோன்றுகிறது.

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

நல்ல கேள்வி தாமரை. எரிந்தது வைக்கோல் கூரையும் மேல்தளமும். புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி. வேய்ந்த கூரையில் தீ பிடித்தால் மேலே தண்ணீர் அடித்துப் பிரயோஜனமில்லை, மழைத் தண்ணீரே இறங்காத மாதிரி வேய்ந்தது அல்லவா. உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுக் கூரையைப் பிடுங்கித்தான் நிறுத்துவார்கள். கீழ்த்தளம் தப்பியது. சாமான்களையும் ஊர்க்காரர்களும் வேலையாட்களும் சேர்ந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

திரும்பக் கட்டும்போது ஓக், சுண்ணாம்பு, வைக்கோல் என்று பழைய சரக்கையே போட்டார்கள். 2005-இல் திறந்தது. வேய்ந்த கூரையை எப்படியும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். 15-ஆம் நூற்றாண்டு வைக்கோல் 2003-இல் அங்கே இருந்திருக்காது.

தச்சன்மகன் எழுதியது:

அண்ணா சொன்னதோடு ஒன்று. மரவீட்டில் தூணின் பாதம்தான் முதலில் உளுக்கும். முழுத் தூணையும் எடுத்து எறிய மாட்டோம். கெட்ட அடியை மட்டும் அறுத்து, புது ஓக்கில் ஒரு கால் செய்து, நாக்கும் வாயுமாக வெட்டி இணைத்து முளை அடிப்போம். புதுக்கட்டை வெளிறித் தெரியும், அதைச் சாயம் பூசி மறைக்க மாட்டோம். 1877-இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இதைத்தான் வலியுறுத்தியது: பழுது பார், பழசு மாதிரி வேஷம் போடாதே. நேர்மையாகச் செய்த ஒட்டு எது, மூலம் எது என்று பார்த்தாலே தெரிய வேண்டும். அப்படித் தெரிகிறவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை தாமரை.

தாமரை_லெஸ்டர் எழுதியது:

புரிகிறது. ஏமாற்று என்று நான் நினைத்தது தவறு. ஆனாலும் "15-ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் சொல்லாமல், "2004-இல் எரிந்து மீண்டது" என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஸ்டாஃபோர்டு_செல்வி எழுதியது:

மீளாமல் போனதையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி பக்கம் குரூக்கட் ஹவுஸ், அதாவது கோணல் வீடு, என்று ஒரு பப் இருந்தது. 1765-இல் கட்டிய பண்ணை வீடு, 1830 வாக்கில் பப் ஆனது. அடியில் நிலக்கரி தோண்டியதில் பூமி இறங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் நான்கு அடி தாழ்ந்துவிட்டது. முட்டுச்சுவர் கொடுத்து அப்படியே நிறுத்தினார்கள். உள்ளே ஒரு விளிம்பில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து உருளுவது போலத் தெரியும். என் பிள்ளைகள் இருவரும் சின்ன வயதில் அதை மணிக்கணக்கில் உருட்டியிருக்கிறார்கள்.

2023 ஜூலையில் விற்றார்கள். ஆகஸ்ட் 5 இரவு தீ. 7-ஆம் தேதி இடித்துத் தரைமட்டம். இரண்டே நாள். நான் போய் நின்றபோது செங்கல் குவியலைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே ஜனங்கள் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டியலிட்ட பாதுகாப்புக் கட்டடமாக அது இல்லை. 2024 பிப்ரவரியில் திரும்பக் கட்ட வேண்டும் என்று கவுன்சில் உத்தரவு போட்டது. கட்டட்டும். ஆனால் அந்தச் சாய்வை எந்த வரைபடத்தில் போடுவார்கள்?

குளிர்நாடன் எழுதியது:

செல்வி அக்கா, லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப் 2015-இல் அனுமதியில்லாமல் இடிபட்டது. இருந்தபடியே கட்டு என்று உத்தரவாகி, கட்டி, 2021-இல் திறந்தார்கள். இடிபடும் முன்பே ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டுக் கட்டடத்தை விவரமாகப் பதிவு செய்ய வைத்திருந்தார்கள், அது கைகொடுத்தது. அதனால் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் பப்பில் முளை, கீறல், செட்டில், கதவுத் தாழ்ப்பாள் எதைப் பார்த்தாலும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பப்பைச் சமூகச் சொத்தாகக் கவுன்சிலில் பதிவு செய்யவும் முடியும், 2011 சட்டத்தில் வழியிருக்கிறது. கம்ப்ரியாவில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் ஊர்க்காரர்கள் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2003-இல், கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் ஓல்டு கிரவுன் பப்பை வாங்கிவிட்டார்கள்.

ஈவ்ஷாம்வாசி எழுதியது:

இன்று லீவு. தனியாகவே போய்வந்தேன். ஒரு டீ வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தேன்.

முளைகள் கிடைத்தன! ஒரு தூணின் தலையில் அரை விரல் நீளம் நீட்டிக்கொண்டு, வட்டமாகக்கூட இல்லை, கத்தியால் சீவிய எட்டுப் பட்டையோடு. எண் கீறல் மாதிரி ஒன்றைப் பார்த்தேன், கீறலா வெடிப்பா என்று தெரியவில்லை. படம் இணைக்கிறேன், தம்பி பார்த்துச் சொல்லவும். கணப்பு வட்டங்கள் நன்றாக வெளுப்பாக இருந்தன.

கிளம்பும்போது நல்ல மழை. வாசலில் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். மழைநீர்க் குழாயே இல்லை. வைக்கோல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுவரை விட்டுத் தள்ளித் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை மழையிலும் சுவர் காய்ந்தே இருந்தது, கை வைத்துப் பார்த்தேன்.

சுண்ணாம்புக்காளவாய் எழுதியது:

அடுத்த முறை மழை விட்டு அரை மணி கழித்து, குனிந்து அடிச்சட்டத்துக்குக் கீழே உள்ள கல் வரிசையையும் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்து, மேலே மரம் காய்ந்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தச்சன்மகன் எழுதியது:

படம் பார்த்தேன் அக்கா. வெடிப்பு இல்லை, கீறல்தான். மூன்று நேர்கோடு, உளி முனையால் இழுத்தது. எதிர்த் தூணிலோ தாங்குகட்டையிலோ இதே மூன்று இருக்க வேண்டும். தேடுங்கள்.